பத்து வருசம் இருந்தால் காணி சொந்தமா? மன்னாரில் ஒரு சட்டத்தின் கதை

வேலிச் சண்டை நடக்கிற எந்த ஊரிலும் இந்த வசனத்தை ஒருக்காலாவது கேட்டிருப்பீர்கள்: "பத்து வருசம் இருந்திட்டான், இனிக் காணி அவனுக்குத்தான்." சொல்லுறவர் லோயராக இருக்கத் தேவையில்லை. தேத்தண்ணிக் கடையில் இருக்கிற ஐயாவும் சொல்லுவார், ஜீஎஸ்ஸிட்ட கடிதம் எடுக்கப் போற அக்காவும் சொல்லுவா. எங்கட சனம் மனப்பாடமாக வைத்திருக்கிற சட்டப் பிரிவு என்றால் இது ஒன்றுதான். அதில் பாதி சரி, பாதி பிழை. மன்னாரில் 1990க்குப் பிறகு நடந்ததை விளங்க வேண்டுமென்றால் இரண்டு பாதியையும் பார்க்க வேண்டும்.

சட்டம் பழையது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆங்கிலத்தில் பிரிஸ்கிரிப்ஷன் ஓர்டினன்ஸ் என்பார்கள். நான் இங்கே ஆட்சியுரிமைச் சட்டம் என்றே எழுதுகிறேன். அதற்கும் முன்னால் 1822இலும் 1834இலும் பிரித்தானியர் இதே விசயத்துக்குச் சட்டம் போட்டிருந்தார்கள். ஒல்லாந்தர் கொண்டு வந்த உரோம-டச்சுச் சட்டத்தில் இந்தக் காலம் ஒரு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்கு. முப்பத்துச் சொச்ச வருசம் பத்தாகச் சுருங்கியது பிரித்தானியர் காலத்தில்தான். காணி கைமாற வேண்டும், வழக்குகள் முடிய வேண்டும், தன் உரிமையைக் கவனிக்காமல் நித்திரை கொள்ளுறவனுக்காக நீதிமன்றம் காத்திருக்கக்கூடாது. இதுதான் அதன் பின்னால் இருக்கிற நினைப்பு.

ஆனால் தேத்தண்ணிக் கடை வசனம் சொல்லுவது போல "சும்மா பத்து வருசம் இருந்தால்" போதாது. மூன்றாம் பிரிவு கேட்பது வேறு. இடையூறில்லாமல், தொடர்ச்சியாக, உரிமையாளருக்கு எதிராக அல்லது அவரிலிருந்து சுயாதீனமாக இருந்திருக்க வேண்டும். இருக்கிற ஆள் வாடகை குடுத்தாலோ, விளைச்சலில் பங்கு குடுத்தாலோ, "இது இன்னாருடைய காணி" என்று ஏற்றுக்கொள்கிற மாதிரி ஏதாவது செய்தாலோ கதை கந்தல். "அண்ணை, நான் வரும் வரைக்கும் வீட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லி விட்டுப் போனால், பார்த்துக்கொள்ள வந்தவர் இருபது வருசம் இருந்தாலும் அது எதிரான ஆட்சி அல்ல. இதை 1903இல் நகுதா மரிக்கார் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தெளிவாகச் சொல்லியது: முகவராக உள்ளே போனவர், அந்த நிலையை வெளிப்படையாக மாற்றும் வரைக்கும் உரிமையாளருக்காகவே இருக்கிறார். 1911இல் கொரேயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில் கூட்டுரிமைக்காரருக்கும் இதைப்போல ஒன்றைச் சொன்னார்கள். ஒரு பங்காளி இருப்பது எல்லாப் பங்காளிக்குமாக இருப்பதுதான். முதுசக் காணியில் தான் தனிய இருந்ததைச் சொல்லித் தங்கச்சியின் பங்கையும் கேட்கிற அண்ணன்மார் வாசிக்க வேண்டிய வழக்கு இது. (வாசிக்கமாட்டினம், தெரியும்.)

இனி மன்னாருக்கு வருவோம்.

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம்களை ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதில் மிகப் பெரிய பகுதி மன்னார் மாவட்டத்துச் சனம். தீவில் எருக்கலம்பிட்டியும் அதைச் சுற்றிய ஊர்களும், பெருநிலத்தில் சிலாவத்துறையிலிருந்து மரிச்சுக்கட்டி வரையான முசலிப் பக்கமும் வெறிச்சோடின. தீவுச் சனம் கரையில் காத்திருந்து, படகேறி, கற்பிட்டிக்குப் போனது. எடுத்துப் போகக்கூடிய காசுக்கும் நகைக்கும் அளவு வைத்தார்கள். காணி உறுதியை எத்தனை பேர் மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எங்கட வீட்டில் இன்றைக்கும் உறுதிகள் கிடப்பது ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள். அவசரத்தில் முதல் மறக்கிற சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஒக்டோபரிலிருந்து மணிக்கூடு ஓடத் தொடங்கியது. போனவரின் வீட்டில் 1990 கடைசியில் யாராவது தங்கட பாட்டில் குடியேறியிருந்தால் 2000 கடைசியில் பத்து வருசம் முடிந்தது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த குடும்பம் அந்தப் பத்து வருசத்துக்குள் மன்னார் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து வழக்குப் போட்டிருக்க வேண்டும். எப்படி வருவது? வரவிட்டால்தானே. சமாதான காலத்தில், 2002க்குப் பிறகு, சிலர் வந்து தங்கட வளவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதே கெடு தாண்டிவிட்டது.

சட்டம் இப்படியான ஆட்களை முற்றாக மறந்துவிட்டது என்று சொல்லமுடியாது. பதின்மூன்றாம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்குப் போடும் உரிமை பிறக்கிற நேரத்தில் உரிமையாளர் சிறுபிள்ளையாக இருந்தால், சித்த சுவாதீனம் இல்லாதவராக இருந்தால், அல்லது கடல் கடந்து போயிருந்தால், அந்த நிலை தொடரும் வரைக்கும் மற்றவரின் ஆட்சி கணக்கில் வராது. கடல் கடந்து போயிருந்தால்! 1871இல் இதை எழுதியவர்கள் மனதில் இருந்தது கப்பலேறிச் சீமைக்குப் போகிற ஒருவராக இருக்கலாம். கொட்டிலில் இருக்கிற அகதி அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதே 1990இல் பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்துத் தமிழ்ச் சனம் நிறைய வள்ளமேறி இராமேஸ்வரம் போனது. அங்கிருந்து மண்டபம் முகாம். கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர் கடல்தான், ஆனால் அது இன்னொரு நாடு. அவர்கள் போன பிறகு ஒருவர் அவர்களின் வளவுக்குள் புகுந்திருந்தால், கடல் கடந்தவர் என்ற விலக்கை அவர்கள் கேட்கலாம். எருக்கலம்பிட்டியார் போனதும் கடலால்தான். தூரமும் கூட. ஆனால் இறங்கின இடம் கற்பிட்டி, அதுவும் இலங்கை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் எங்கேயும் போகவில்லை. பஸ் எடுத்து வந்து வழக்குப் போடக்கூடிய தூரத்தில் சும்மா இருந்துவிட்டார்கள். ஒரே வருசம், ஒரே கடல், ஒரே பயம். பகிடி மாதிரி இருக்கிறது, ஆனால் காணி போனவருக்குப் பகிடி இல்லை. (கடல் கடந்தவருக்கும் இது முடிவில்லாத பாதுகாப்பு அல்ல. ஒருவர் முப்பது வருசம் எதிராக இருந்துவிட்டால் அந்த விலக்கும் செல்லாது. 1990 ஒக்டோபரோடு முப்பதைக் கூட்டிப் பாருங்கள்.)

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அடாத்தாக இருக்கிறவர் என்று ஒரு சொல் எங்களிடம் இருக்கிறது. ஆனால் விட்டுப்போன வீடுகளில் குடியேறிய எல்லாரும் அடாத்துக்காரர் இல்லை. அவர்களில் பலரைச் செல்லும் குண்டும் வேறு ஊரிலிருந்து துரத்தியிருந்தது. கூரை இருந்த வீட்டைக் கண்டார்கள், இருந்தார்கள். கிணறு இறைத்தார்கள், தென்னை வைத்தார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. இருபது வருசம் கழித்து உறுதியோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால், உள்ளே இருப்பவரும் அகதி, வெளியே நிற்பவரும் அகதி. எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு: விரும்பி விட்டுப்போகாதவருடைய காணி அவருக்கே சேர வேண்டும், உள்ளே இருப்பவருக்கு அரசு வேறு காணி குடுக்க வேண்டும். ஆனால் பத்து வருசச் சட்டத்துக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. அதற்குத் தெரிந்தது வாதி, எதிராளி; ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டும்.

2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் அறிக்கை, வடக்கு கிழக்கு நிலைமைக்கு ஏற்றமாதிரி இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லியது. திருத்தம் வர இன்னும் ஐந்து வருசம் எடுத்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஏப்ரல் மாதம். அதன்படி 1983 மே 1இலிருந்து 2009 மே 18 வரைக்குமான காலத்தில், ஆயுதக் குழுவொன்றின் செயல்களால் நீதிமன்றம் போக முடியாமற் போனவருக்கு எதிராக அந்த வருசங்களை எண்ணக்கூடாது. இருபத்தாறு வருசத்தை அழித்துவிட்ட மாதிரி. பெரிய விசயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கதவு திறந்திருந்தது இரண்டே வருசம். 2018இல் அது மூடிவிட்டது. கால் நூற்றாண்டு அலைந்தவருக்கு இரண்டு வருசம்! அதற்குள் சட்டம் வந்ததை அறிந்து, உறுதியின் பிரதியைத் தேடி எடுத்து, லோயருக்குக் காசு சேர்த்து, புத்தளத்திலிருந்து மன்னாருக்குத் தவணைக்குத் தவணை அலைய வேண்டும். இன்னொன்று, சட்டத்தின் வாசகம் காரணத்தைப் பயங்கரவாத ஆயுதக் குழு என்று ஒரு பக்கத்திலேயே வைத்துவிட்டது. 2007இல் முள்ளிக்குளத்துச் சனம் ஊரை விட்டுப் போனதும் அங்கே கடற்படை முகாம் வந்ததும் அந்த வாசகத்துக்குள் இலேசில் அடங்காது. அவர்கள் 2017இல் நீதிமன்றத்துக்குப் போகவில்லை, வீதியில் இருந்தார்கள். அந்த ஏப்ரல் கடைசியில் கடற்படை 100 ஏக்கரை விட ஒத்துக்கொண்டது.

உறுதியே இல்லாதவரின் கதை இதைவிட மோசம். பத்து வருசக் கணக்கு அரச காணிக்கு எதிராக ஓடாது. முசலியில் தலைமுறையாகக் குடியிருந்தும் கையில் பத்திரம் இல்லாத குடும்பங்கள் திரும்பி வந்தபோது வளவில் மரம் வளர்ந்திருந்தது. 2012 ஒக்டோபரில் மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மாவில்லு பேணற்காட்டை அறிவித்தார், சுமார் 40,000 ஹெக்டேயர். வில்பத்துவைக் காப்பாற்றுங்கள் என்று பேஸ்புக்கில் படம் மாற்றிய எங்கட வயதுக்காரர் பலருக்கு, அந்தக் காட்டின் ஒரு பகுதிக்குள் பள்ளிவாசலும் கிணறும் இருந்தது தெரியாது. காடு வெட்டினது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை; 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பே குடுத்தது. ஆனால் ஆள் இல்லாத வருசங்களை மரத்துக்கு எண்ணின மாதிரி, ஆளுக்கு யாரும் எண்ணவில்லை.

இப்போது மன்னாரில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் யுத்தத்தால் பூட்டினவை மட்டும் இல்லை. கனடா, பிரான்ஸ், கட்டார். "நான் வெளிநாட்டில, எனக்குப் பத்து வருசச் சட்டம் செல்லாது" என்று நம்பிக்கொண்டு இருக்கிறவர்கள் பதின்மூன்றாம் பிரிவை இன்னொருக்கால் பார்க்கட்டும். நீங்கள் நாட்டில் இருக்கும்போதே ஒருவர் உங்கட வளவுக்குள் வந்து உட்கார்ந்திருந்தால், பிறகு நீங்கள் பிளேன் ஏறினதால் மணிக்கூடு நிற்காது. போறதுக்கு முதல், வீட்டைப் பார்க்கிறவரிடம் இது இன்னாருடைய வீடு, நான் பார்த்துக்கொள்ள மட்டும் இருக்கிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கோ. சொந்தக்காரர் என்றாலும் வாங்குங்கோ. ஒரு பிரதி பிஸ்கட் ரின்னுக்குள், மற்றது போனில்.