சிதைவு காட்டிய முகவரி: உட்கருவின் இடவரலாறும் மும்பையும்

மனித உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ., ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அளவேயான உட்கருவுக்குள் அடங்கியுள்ளது. அது எவ்வாறு அடங்குகிறது என்பதைவிட, எங்கே அமைகிறது என்னும் வினாவே நீண்ட விவாதத்துக்கு இடமளித்தது. ஒரு மரபணுவின் செயலை அதன் எழுத்து வரிசை மட்டுமே தீர்மானிக்கிறதா, அது குடியிருக்கும் இடமும் தீர்மானிக்கிறதா?

1885இல் கார்ல் ராப்ல், உயிரணு பிரியாத வேளையிலும் குரோமோசோம்கள் தத்தம் அமைவிடத்தை இழப்பதில்லை எனக் கருதினார். 1909இல் தியோடோர் போவெரி இவ்விடங்களைக் 'குரோமோசோம் ஆட்புலங்கள்' என்றே அழைத்தார். ஆயினும் பின்னர் வந்த மின்னணு நுண்ணோக்கியால் அந்த ஆட்புலங்களின் எல்லைகளைக் காட்ட இயலவில்லை. உட்கரு என்பது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நூற்குவியல் என்ற எண்ணம் வலுத்தது. போவெரியின் கருத்து மறக்கப்பட்டது.

அதை மீட்டெடுத்தது ஒரு சிதைவுச் சோதனை. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் தாமஸ் கிரெமர், கிறிஸ்டோஃப் கிரெமர் சகோதரர்கள் உட்கருவின் ஒரு சிறு புள்ளியை மட்டும் புற ஊதா லேசர் கதிரால் தாக்கினர். இழைகள் பின்னிக் கிடந்தால், ஒரு புள்ளியில் விழும் அடி பல குரோமோசோம்களில் சிறிது சிறிதாகப் பரவியிருக்க வேண்டும். மாறாக, ஒருசில குரோமோசோம்களே பழுதுற்றன. ஆட்புலங்கள் உண்மை என்பது தெளிவாயிற்று.

1999இல் எடின்பரோவில் வெளியான ஓர் ஆய்வு அடுத்த படியை அமைத்தது. மனிதரின் 18, 19ஆம் குரோமோசோம்கள் அளவில் ஏறக்குறைய ஒத்தவை. ஆனால் மரபணுக்கள் செறிந்த 19 உட்கருவின் உட்பகுதியிலும், மரபணுக்கள் குறைந்த 18 விளிம்பை ஒட்டியும் இருந்தன. நெருக்கமும் தொழிலும் மிகுந்த தாராவி மும்பையின் நடுவே அமைந்திருப்பதோடு இதை ஒப்பிடலாம்.

இடம் காரணமா, விளைவா? இங்குதான் இந்திய ஆய்வகங்கள் வரலாற்றில் நுழைகின்றன. 2002இல் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் வீணா பர்நாயக் குழுவினர், உட்கருவின் உள்ளே புள்ளிகளாகக் காணப்படும் லாமின் புரதங்களை ஆராய்ந்தனர். படியெடுத்தலைத் தடுத்தபோது அப்புள்ளிகள் பருத்தன. தடையை நீக்கியதும் பழைய அளவுக்கு மீண்டன. மாற்றியமைத்த லாமினைப் புகுத்தி அப்புள்ளிகளைக் குலைத்தபோது படியெடுத்தலே குறைந்தது. ஆக, செயல் அமைப்பை மாற்றியது. அமைப்பும் செயலை மாற்றியது.

அந்த ஆய்வில் பங்கேற்ற குமரன், 2008இல் அமெரிக்காவில் ஸ்பெக்டருடன் இணைந்து ஒரு மரபணுப் பகுதியை உட்கருவின் விளிம்பில் கட்டிவைத்தார். அது அங்கும் படியெடுக்கும் திறனை இழக்கவில்லை. அதே ஆண்டில் வெளியான வேறு ஆய்வுகளில், விளிம்புக்குக் கொண்டுசெல்லப்பட்ட சில மரபணுக்கள் அடங்கிப்போயின. விளிம்பு என்பது எல்லா மரபணுக்களுக்கும் ஒரே தீர்ப்பை வழங்கும் இடமன்று என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

மும்பையின் பங்கு 2013இல் வெளிப்பட்டது. இயற்பியலுக்குப் பெயர்பெற்ற டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1962இல் ஒபெய்த் சித்திக்கி மூலக்கூறு உயிரியலைத் தொடங்கிவைத்திருந்தார். செம்பூரை அடுத்த டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைப் போலவே அதுவும் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குவது. அங்கு இஷிதா மேத்தா, பி. ஜே. ராவ் உள்ளிட்டோர் மனித உயிரணுக்களின் டி.என்.ஏ.வைப் பழுதாக்கி, குரோமோசோம்களின் இருப்பிடத்தை அளந்தனர். மரபணுச் செறிவுள்ள ஆட்புலங்கள் உள்ளிருந்து விளிம்புக்கும், விளிம்பிலிருந்து உள்ளுக்கும் இடம்பெயர்ந்தன. பழுதின் அளவு கூடக்கூடப் பெயர்ச்சியும் கூடியது. பழுது சீரானதும் அவை ஏறத்தாழப் பழைய இடங்களையே அடைந்தன. தாராவி முழுவதுமே பெயர்ந்துசென்று, வேலை முடிந்தபின் தன் இடத்துக்கே திரும்புவது போன்றது இது. இப்பெயர்ச்சிக்கு உட்கரு மயோசின் 1 என்னும் இயக்கப் புரதம் தேவை என்பதை அதே ஆய்வகம் 2016இல் காட்டியது.

இவ்வரலாற்றில் ஓர் இயைபு உண்டு. கிரெமர் சகோதரர்கள் உட்கருவைச் சிதைத்து, குரோமோசோமுக்கு முகவரி உண்டு என்று நிறுவினர். மும்பை ஆய்வாளர்களும் சிதைத்தே, அம்முகவரி நிலையானதன்று, ஆயினும் உயிரணு அதை மறப்பதில்லை என்று காட்டினர். புற்றுநோய் மருத்துவத்தில் கதிர்வீச்சும் பல மருந்துகளும் டி.என்.ஏ.வைச் சிதைத்தே செயலாற்றுகின்றன. ஆகவே, சிகிச்சைக்குப் பின் எந்த இழை முறிந்தது என்று கேட்பதோடு, எது எங்கே பெயர்ந்தது, திரும்பி வந்ததா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. போவெரியின் மறக்கப்பட்ட சொல் நூறாண்டு கடந்து எழுப்பும் வினா அது.