மனோன்மணீயமும் நம் பிள்ளைகளும்

"நாவலையும் நாடகத்தையும் படித்து என்ன பயன், ஐயா?" பெற்றோர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் வினா இது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துச் சென்ற பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தை எட்டும்போது, எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியத்தை எடுப்பதா, விடுவதா என்ற தயக்கம் வீட்டில் எழுகிறது. விடை கூறுமுன் சற்று வரலாற்றைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி பெற்ற தமிழர்கள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் கல்லூரியில் பாடமாகவே கற்றனர். அத்தகைய நூல்கள் தமிழிலும் வேண்டும் என்ற ஏக்கம் அவர்களுள் சிலருக்குப் பிறந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. 1891இல் வந்தது மனோன்மணீயம். இதனை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். லிட்டன் என்னும் ஆங்கிலேயரின் கதையொன்றைத் தழுவி, ஐந்து அங்கங்களில் செய்யுள் நாடகமாக அமைத்தார். மேடைக்கன்று, படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம் என்பர். இதன் தமிழ்த்தாய் வணக்கத்தின் ஒரு பகுதியே 1970இல் தமிழ்நாட்டின் வாழ்த்துப் பாடலாயிற்று. அப்பாடலை அறிந்தோர் பலர். நாடகத்தைப் படித்தோர் சிலரே!

இழப்பு நம்முடையதுதான். குடிலன் என்னும் அமைச்சனை எண்ணிப் பாருங்கள். அவன் வாளெடுத்தா பாண்டியன் சீவகனை வீழ்த்தப் பார்க்கிறான்? மன்னனின் செருக்குக்கு நாள்தோறும் தீனி போடுகிறான். சேரனிடம் மணத்தூது செல்லவேண்டிய நடராசனை விலக்கித் தன் மகன் பலதேவனை அனுப்ப வைக்கிறான். மணப்பேச்சு போரில் முடிகிறது. இத்தகைய முகத்துதியை நம் பிள்ளைகளும் நாளை அலுவலகத்தில் காண்பார்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர்கள் அறுவரோடு ஐந்தாம் அங்கத்தை உரக்க வாசித்தோம். அழிவுக்குக் காரணம் குடிலனா, கேளாச் செவியனான சீவகனா என்று சூடான வாதம் நடந்தது. தந்தையின் துயர் கண்டு பலதேவனை மணக்க மனோன்மணி இசைந்தது சரிதானா என்று ஒரு மாணவி கேட்டாள். எவரும் உடனே விடையளிக்கவில்லை. கதைச்சுருக்கத்தை மனனம் செய்யும் வகுப்பில் இவ்வினா எழுந்திருக்குமா? (கதைச்சுருக்கக் கையேடுகள்மீது எனக்குள்ள கோபம் நண்பர்கள் அறிந்ததே.)

பாடத்திட்டத்தில் தமிழுக்குரிய இடம் எளிதில் நிலைத்ததுமன்று. 1902இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழை விலக்க முயன்றபோது, பரிதிமாற் கலைஞரும் மு. சி. பூர்ணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்று காத்தனர். நாடகங்களும் நாடக இலக்கணமும் எழுதிய பரிதிமாற் கலைஞர், அடுத்த ஆண்டே தமது 33ஆம் வயதில் மறைந்தார். நம் நாட்டிலும் 2009இல் எஸ்.பி.எம். பாடங்களுக்குப் பத்து என வரம்பு அறிவிக்கப்பட்டது. தமிழ் இலக்கியம் அடியோடு கைவிடப்படுமோ என அஞ்சினோம். நம் சமூகம் குரல் கொடுத்தபின் அது பன்னிரண்டாக உயர்ந்தது. அவ்வாறு பெற்ற இடத்தில் அமர மாணவர் வேண்டுமல்லவா?

பல பள்ளிகளில் இலக்கிய வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பிறகே நடைபெறுகிறது. பிள்ளையை அழைத்துவரும் சுமை பெற்றோருடையது. அதை நான் குறைத்துக் கூறவில்லை. மனோன்மணீயத்தின் நடை முதலில் கடினமாகத் தோன்றும். ஐந்தாம் அங்கத்தைச் சந்தி பிரித்துத் தட்டெழுதி வைத்துள்ளேன். வேண்டுவோர் எழுதினால் அனுப்பி வைக்கிறேன்.