மற்களத்திற் பயின்ற மாணாக்கன்

கல்வி ஏட்டோடு முடிவதன்று. பாடசாலையின் நான்கு சுவர்களுக்குள் மாணவன் கற்பது ஒரு பாதி. விளையாட்டு வெளியிற் கற்பது மறுபாதி. இதனை வாயாற் சொல்லாதார் எவருமிலர். ஆயினும், பரீட்சை நெருங்கியதும் பிள்ளையின் கையிலிருந்து பந்தைப் பறித்துப் பரணில் வைக்காத பெற்றோரும் அரியர். விளையாட்டு உடலுக்கு உறுதி தரும் என்பதை நாம் எளிதில் ஒப்புகின்றோம். அது ஒருவனுடைய குணத்தையும் வருங்காலத்தையும் ஆக்கவல்லதோ என்று வினவினால் மாத்திரம் தயங்குகின்றோம். இத் தயக்கத்தை வாதத்தாற் போக்குவதினும் வரலாற்றாற் போக்குதல் நன்று. ஆதலின், பள்ளிக்கூடத்து மற்களத்திற் பயின்று, பின்னர் கோடிக்கணக்கானோரின் பசியோடு பொருத ஒரு மாணாக்கனின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவர் பெயர் நோர்மன் போர்லோக். 1970ஆம் ஆண்டின் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர்.

மற்போரின் இயல்பு

மற்போர் மிகத் தொன்மையான விளையாட்டு. கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் கி. மு. 708ஆம் ஆண்டிலேயே அது போட்டிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. வீமசேனன் சராசந்தனோடு பொருத மற்போரைக் கேட்டு வளராத சிறுவர் எம்மிடையே இலர். ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் இது இன்று ஒழுங்கான விதிகளுடன் நடைபெறுகின்றது. ஏறக்குறைய ஒரே எடையுள்ள இருவரைக் களத்தில் விடுவர். இரண்டிரண்டு நிமிடங்களாக மூன்று சுற்றுக்கள் நடக்கும். எதிராளியின் இரு தோள்களையும் விரிப்பிலே படியவைத்து அழுத்திப் பிடித்தவன் அப்பொழுதே வென்றவனாவான்.

இவ் விளையாட்டின் தனித்தன்மை ஒன்றை இங்கே குறித்தல் வேண்டும். உதைபந்தாட்டத்தில் ஒருவன் தவறினால் மற்றொருவன் அதனை ஈடுசெய்வான். தோல்வி வந்தால் அதனைப் பதினொருவரும் பங்கிட்டுக்கொள்வர். மற்களத்திலோ நிற்பவன் ஒருவனே. காற்று மாறிற்று என்றோ தோழன் கைவிட்டான் என்றோ சொல்ல இடமில்லை. ஊரார் பார்த்திருக்க, பெற்றோர் பார்த்திருக்க, நிலத்திலே தோள் பட வீழ்த்தப்படுகின்றான். வீழ்ந்தவன் எழுந்து, வீழ்த்தியவனின் கையைக் குலுக்கிவிட்டு வருகின்றான். அடுத்த கிழமை மீண்டும் களத்தில் இறங்குகின்றான். பதினைந்து பதினாறு வயதிலே இப்படி விழுந்தெழப் பழகியவனுக்கு, பிற்கால வாழ்வின் வீழ்ச்சிகள் புதியனவாய்த் தோன்றா. மற்போர் தரும் பெரும்பேறு இதுவே என்பது எமது துணிபு.

கிறெஸ்கோ என்னும் சிற்றூர்

அமெரிக்காவின் அயோவா மாநிலம் சோளமும் பன்றியும் மாடும் மலிந்த கமக்கார நாடு. அங்கே கிறெஸ்கோ என்னும் சிற்றூரின் அயலிலுள்ள ஒரு கமத்தில், நோர்வே நாட்டிலிருந்து குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றலாக, 1914ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி நோர்மன் பிறந்தார். ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் கொண்ட கிராமப் பாடசாலையில் ஆரம்பக் கல்வி கற்றார். வயலில் வேலைசெய்ய ஆள் வேண்டியிருந்த அக்காலத்தில், பையனை மேலே படிக்கவைக்க வேண்டுமென்று வற்புறுத்தியவர் அவருடைய பாட்டனார். இன்று தலையை நிரப்பினாற்றான் நாளை வயிற்றை நிரப்பலாம் என்பது அம் முதியவரின் அறிவுரையின் சாரம்.

கிறெஸ்கோ உயர்நிலைப் பள்ளியில் அக்காலத்து மற்போர்ப் பயிற்றுநராக விளங்கியவர் டேவிட் பார்ட்டெல்மா. வெற்றியைக் கேளாது முழு முயற்சியைக் கேட்ட ஆசிரியர் அவர். உள்ள வலிமை முழுவதையும் கொடு. அதற்கு மேலும் சிறிது கொடு. அங்ஙனம் கொடுக்க மனமில்லையாயின் களத்துக்கு வராதே என்பது அவர் மாணவர்க்கு ஊட்டிய பாடம். இப் பாடத்தைத் தாம் வாழ்நாள் முழுவதும் மறந்ததில்லை என்று போர்லோக் முதுமையிலும் சொல்லிவந்தார். பார்ட்டெல்மா பின்னர் மினசோற்றாப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்றுநராகச் சென்று, அம் மாநிலத்து மற்போரின் தந்தை எனப் பெயர்பெற்றார். அதே கிறெஸ்கோவிற் பிறந்த ஹரோல்ட் நிக்கொல்ஸ் என்பவர் 1939இல் அமெரிக்கக் கல்லூரிகளின் மற்போர் வாகையராகி, 1953 முதல் 1985 வரை அயோவா அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியளித்து, ஆறு தேசிய வெற்றிகளைத் தேடித்தந்தார். ஒரு சிற்றூரில் நல்ல விளையாட்டு மரபொன்று வேரூன்றினால் அதன் விழுதுகள் எத்துணைத் தூரம் பரவும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

முதல் வீழ்ச்சி

1933ஆம் ஆண்டில், உலகையே வாட்டிய பொருளாதார மந்தத்தின் நடுவே, போர்லோக் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தின் வாயிலிற் போய் நின்றார். நுழைவுத் தேர்விலே தவறினார். ஊருக்குத் திரும்பி ஏரைப் பிடித்திருந்தால் எவரும் குறை சொல்லியிரார். அவர் திரும்பவில்லை. குறைந்த தகுதியுடையோருக்கென அங்கே புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த இரண்டாண்டுப் பொதுக் கல்லூரியிற் சேர்ந்தார். தம் திறமையைக் காட்டி, விரைவிலேயே விவசாயக் கல்லூரியின் காட்டியற் பிரிவுக்கு மாறினார். படிப்புச் செலவுக்காக இடையிடையே படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். 1935இல் வேலையற்ற இளைஞரைக் கொண்டு அரசினர் நடத்திய காடு பேணும் முகாமிற் பணியாற்றியபோது, பட்டினியால் ஒடுங்கிப்போன இளைஞர், சில கிழமை வயிறார உண்டதும் புதுமனிதராய் நிமிர்வதைக் கண்ணாரக் கண்டார். அக் காட்சி அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

இத்தனைக்கும் நடுவே மற்போரை அவர் விட்டாரல்லர். பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று, ‘பிக் டென்’ எனப்படும் பல்கலைக்கழகக் கூட்டணியின் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். மற்போர் பரவாத உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று காட்சிப் போட்டிகள் நடத்தி, அவ்விளையாட்டை அங்குள்ள மாணவர்க்கு அறிமுகஞ் செய்தார். அரையிறுதிக்கு அப்பால் அவர் செல்லவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க. கிண்ணம் வென்றவனுக்கு மாத்திரமன்று, முழுமூச்சாய்ப் பொருத எவனுக்கும் களம் தன் பாடத்தைக் கற்பிக்கின்றது.

1937இல் பட்டம் பெற்றபோது காத்திருந்த காட்டிலாகா உத்தியோகம் பணமின்மையாற் கைநழுவிற்று. அக்காலத்தில் பயிர்நோய் அறிஞர் எல்வின் ஸ்ரேக்மன் கோதுமையை அழிக்கும் துருநோய் பற்றி ஆற்றிய சொற்பொழிவொன்று அவரை ஈர்த்தது. ஸ்ரேக்மனிடமே மாணவராகி, 1942இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

தலைவரோடு பொருத போர்

1944ஆம் ஆண்டில் றொக்பெல்லர் தாபனமும் மெக்சிக்கோ அரசும் இணைந்து நடத்திய ஆராய்ச்சிக்காக அவர் மெக்சிக்கோ சென்றார். துருநோயால் அங்கே கோதுமை அழிந்துகொண்டிருந்தது. நிலம் வளமிழந்து, கமக்காரர் மனமிழந்திருந்தனர். ஒரு புதிய விதையினத்தை உருவாக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும் என்பது அக்காலத்து வழக்கு. பசித்தவன் பன்னிரண்டு ஆண்டு பொறுப்பானா? போர்லோக் ஒரு வழி கண்டார். கோடையில் நடுநாட்டு மேட்டுநிலத்திலும், மாரியில் வடக்கே சொனோரா மாநிலத்து யாக்கிப் பள்ளத்தாக்கிலும் பயிரிட்டால் ஓராண்டில் இரு தலைமுறைப் பயிரைப் பெறலாம், காலம் பாதியாகும் என்றார்.

அறுவடையான விதை அடுத்த விதைப்புக்கு முன் ஓய்வுகொள்ள வேண்டுமென்பது அந்நாளைய நூற்கொள்கை. செலவும் மிகும். எனவே அவருடைய மேலதிகாரி ஜோர்ஜ் ஹரார் இணங்கவில்லை. போர்லோக் தம் பதவியைத் துறப்பதாக எழுதிக்கொடுத்தார். அங்கு வந்திருந்த ஆசான் ஸ்ரேக்மன் இடைநின்று பேசியதன் பின்னரே ஹரார் இசைந்தார். போர்லோக் சிதைந்து கிடந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் திருத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

இங்கேதான் மற்களத்துப் பயிற்சி வேலைசெய்வதைக் காண்கின்றோம். உலகின் வலியவரோடும் தனித்து நின்று தாக்குப்பிடிக்கலாம் என்ற துணிவை மற்போரே தமக்குத் தந்தது என்றும், இடுக்கண் வந்தபோதெல்லாம் அத்துணிவையே பற்றிக்கொண்டதாகவும் அவரே கூறியுள்ளார். மேலும் ஒன்று. கருத்தால் மாறுபட்ட ஹராரை அவர் பகைவராக எண்ணவில்லை. பிடி தளர்ந்ததும் கைகுலுக்கும் மல்லனைப்போல அவரோடு ஒத்துழைத்தார்.

பத்தாண்டுகளில் ஏறக்குறைய 6,000 கலப்புக்களைச் செய்தனர் போர்லோக் குழுவினர். கதிர்ப் பாரத்தாற் சாயாத பயிர் வேண்டி, ஓர்வில் வோகல் என்னும் அறிஞர் அமெரிக்காவில் வளர்த்த ‘நோரின் 10’ என்னும் யப்பானியக் குட்டை இனத்தின் வழிவந்த விதையை 1950களின் தொடக்கத்திற் பெற்றுக் கலந்தனர். 1956இல் மெக்சிக்கோ கோதுமையிலே தன்னிறைவு கண்டது. 1963இல் அந்நாட்டு விளைச்சல் 1944ஆம் ஆண்டினதைப்போல் ஆறு மடங்காயிற்று. இத்தகைய உழைப்பின் நடுவிலும், மெக்சிக்கோ நகரச் சிறுவர்க்குப் பேஸ்போல் ஆட்டக் குழு அமைத்துப் பயிற்சியளிக்க அவர் நேரங் கண்டார். தாம் பெற்றதைப் பிறர் பிள்ளைகளுக்கும் ஈந்தார் என்க.

1965ஆம் ஆண்டுச் சோதனை

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கே இரு தமிழர்க்கு இவ்வரலாற்றிற் பெரும் பங்குண்டு. கும்பகோணத்திற் பிறந்த அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் போர்லோக்கை அழைக்க முயன்று, 1963இல் அவரை இந்திய வயல்களைக் காணச் செய்தார். 1964இல் உணவு வேளாண்மை அமைச்சராகிய சி. சுப்பிரமணியம், எதிர்ப்புக்களிடையே புதுவிதையை வரவேற்று, புதுடில்லியிலே தம் இல்லத்துப் புற்றரையையும் உழுவித்துக் கோதுமை விதைப்பித்தார்.

1965இல் மெக்சிக்கோவிலிருந்து பாகிஸ்தானுக்கு 250 தொன்னும் இந்தியாவுக்கு 200 தொன்னும் விதை புறப்பட்டது. இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விதையேற்றிய லொறிகளின் அணி எல்லைச் சுங்கத்திலே தடைப்பட்டது. லொஸ் ஏஞ்சலிசை அணுகியபோது அந்நகரிற் பெருங் கலவரம் மூண்டிருந்தது. பாகிஸ்தான் அனுப்பிய ஒரு லட்சம் டொலர்க் காசோலையை, எழுத்துப் பிழைகளைக் காட்டி வங்கி ஏற்க மறுத்தது. கப்பல் கடலிற் செல்கையில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்கின. எல்லையிலே பீரங்கி வெடிக்க, போர்லோக்கின் குழுவினர் விதைத்தனர். முளை வந்தபோது பார்த்தால் பாதிகூட முளைக்கவில்லை! களஞ்சியத்தில் அளவு மீறிப் புகைமருந்து அடித்ததால் விதை கெட்டிருந்தது. அவர் புலம்பி நிற்கவில்லை. எல்லா இடங்களிலும் இருமடங்கு விதைக்குமாறு உடனே பணித்தார். களத்திலே ஒரு பிடி தவறினால் மறுபிடி போடுபவன் மல்லன் அன்றோ?

மறு ஆண்டில் இந்தியா 18,000 தொன் விதையை வாங்கிற்று. 1965இல் 123 இலட்சம் தொன்னாயிருந்த இந்தியக் கோதுமை விளைச்சல் 1970இல் 201 இலட்சம் தொன்னாயிற்று. 1968ஆம் ஆண்டு அறுவடையைக் கட்டச் சாக்கில்லை, ஏற்ற வண்டியில்லை, வைக்க இடமில்லை. சில ஊர்களிற் பள்ளிக்கூடங்களை மூடி வகுப்பறைகளில் தானியத்தைக் குவித்தனராம்!

குறையும் காண்போம்

நிறையை மட்டும் கூறுதல் வரலாறாகாது. புதுக் கோதுமை நீரையும் உரத்தையும் மிகுதியாக வேண்டிற்று. பஞ்சாபின் நிலத்தடி நீர் வற்றலாயிற்று. இவ்வாபத்தை 1968ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சுவாமிநாதன் எச்சரித்தார். போர்லோக்கும் தம் நோபல் உரையில், இவ்வெற்றி தற்காலிகமானதே, மக்கட்குச் சிறிது மூச்சுவிட அவகாசமே கிடைத்துள்ளது என்று கூறினார். ஒரு சுற்றில் வென்றவன் போட்டியையே வென்றுவிட்டதாய் நினைத்தல் கூடாதென்பதும் மற்களத்துப் பாடமே.

மற்போரிலும் குறையுண்டு. எடைப் பிரிவிற் புகுவதற்காக உணவையும் நீரையும் ஒறுத்து உடலை வருத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் மூவர் இவ்வாறு எடை குறைக்க முயன்று உயிர்நீத்தனர். அதன்பின் கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் கடுமையான எடைவிதிகளை வகுத்தன. வெற்றிக்காக மாணவனைப் பலியிடும் பயிற்றுநரிடத்தில் விளையாட்டு குணத்தை ஆக்காது, அழிக்கும். நல்ல விளையாட்டுக்கு முன்னே நல்லாசிரியன் வேண்டும். இது பெரியோர்கள் சிந்திக்கவேண்டியது. ஆண்பிள்ளைகளுக்கே உரியதென்றிருந்த களம் இன்று பெண்பிள்ளைகளுக்கும் திறந்துள்ளது. அயோவாவில் 2022ஆம் ஆண்டு முதல் மாணவியர்க்கும் பள்ளி மற்போர் முறையான போட்டியாக ஏற்கப்பட்டிருக்கின்றது.

இளைஞர்க்கு ஒரு சொல்

1992இல் அமெரிக்காவின் தேசிய மற்போர்ப் புகழ்மண்டபம் போர்லோக்கின் பெயரைத் தன்னகத்தே பொறித்துக்கொண்டது. 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் தேதி, தமது 95ஆவது வயதில் அவர் மறைந்தார். மற்போர் பயின்றோரெல்லாம் போர்லோக் ஆவரென்று நாம் சொல்லவில்லை. பாட்டனாரின் அறிவுரையும், ஸ்ரேக்மனின் கல்வியும், முகாமிற் கண்ட பசியும் சேர்ந்தே அவரை ஆக்கின. ஆயின், அவை தந்த அறிவையும் இரக்கத்தையும் இடையிற் கைவிடாது இறுதிவரை தாங்கிச்சென்ற உரம் கிறெஸ்கோப் பள்ளியின் விரிப்பிலே விளைந்தது.

இளைஞர்களே! மற்போராயினும் உதைபந்தாட்டமாயினும் ஓட்டமாயினும் உங்களுக்கு வாய்த்த களத்தில் முழுமனத்தோடு இறங்குங்கள். தோற்றால் நாணாது எழுங்கள், வென்றவனை வாழ்த்துங்கள், மறுநாட் காலையிற் பயிற்சிக்குச் செல்லுங்கள். பெரியோர்களே! பரீட்சை வருகின்றதென்று பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தை அடியோடு பறித்துவிடாதீர்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். அம் முளை நிமிர்ந்து வளர வெயிலும் வெளியும் வேண்டும்.