அர்ஜெண்டைனாவின் பெசோவும் கிரிப்டோ நாணயமும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் கையிலே புழங்கும் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத தன்மையையும் குறிக்கும். இவ்விரண்டு பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிட்ட நாட்டில் மக்கள் என்ன செய்வர் என்பதை அறிய விரும்புவோர் தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜெண்டைனாவின் வரலாற்றைப் புரட்டினால் போதும். பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களைப் பற்றி நேயர்கள் அடிக்கடி செவியுற்றிருப்பர். உலகின் பல பகுதிகளில் அவை பெரும்பாலும் சூதாட்டப் பொருளாகவே மதிக்கப்படுகின்றன. அர்ஜெண்டைனாவிலோ குமாஸ்தாவும், கல்லூரி மாணவனும், கணிப்பொறி வேலை செய்வோரும் அவற்றைச் சேமிப்பிற்காக வாங்கினர். சூதாடும் ஆசை அதற்குக் காரணமன்று. அறுபது எழுபது ஆண்டுகளாக அந்நாட்டு மக்கள் பட்டறிந்த பாடமே காரணம். ஆகவே கிரிப்டோ நாணயத்தின் கதையைப் பெசோவின் கதையிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் விலைவாசி ஆண்டொன்றுக்கு 6 சதவீதத்திற்கு மேல் ஏறலாகாது என்பது ரிசர்வ் பாங்கிற்கு விதிக்கப்பட்ட வரம்பு. அந்த அளவை நெருங்கினாலே இல்லத்தரசிகள் முதல் சட்டமன்ற உறுப்பினர் வரை முறையிடத் தொடங்குகிறோம். அர்ஜெண்டைனாவில் 1989 ஜூலை என்னும் ஒரே மாதத்தில் விலைவாசி ஏறத்தாழ 200 சதவீதம் ஏறிற்று. காலையில் கண்ட விலை மாலையில் இராது. குடியரசுத் தலைவர் அல்ஃபோன்சின் பதவிக்காலம் முடிவதற்கு ஐந்து மாதங்கள் முன்னதாகவே விலக நேர்ந்தது.

அந்நாட்டுப் பணத்தாளில் சுழிகள் மிகும்போதெல்லாம் அரசாங்கம் அவற்றை வெட்டிப் புதுப் பணம் வெளியிடுவது வழக்கமாயிற்று. 1970இல் இரண்டு சுழிகள், 1983இல் நான்கு, 1985இல் மூன்று, 1992இல் நான்கு. ஆகப் பதின்மூன்று சுழிகள் கால் நூற்றாண்டுக்குள் கழிந்தன. 1969இல் ஒருவர் பத்து லட்சம் கோடி பெசோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பாரானால், 1992இல் அது ஒரே ஒரு பெசோ.

எனினும் விலையேற்றம் மட்டும் அம்மக்களின் மனத்தை முறிக்கவில்லை. பாங்கில் போட்ட பணம் திரும்பவில்லை என்பதே ஆறாத புண். 1990 ஜனவரியில் வைப்புத்தொகைகளை அரசாங்கம் பத்தாண்டுக் கடன் பத்திரங்களாக மாற்றிக் கொடுத்துவிட்டது. ரொக்கமாகக் கேட்டவர்க்குக் கிடைத்தது காகிதம். அடுத்த ஆண்டே புதியதொரு நம்பிக்கை பிறந்தது. குடியரசுத் தலைவர் மெனெமின் ஆட்சியில் பொருளாதார அமைச்சர் கவாயோ 1991 ஏப்ரலில் ஒரு சட்டம் கொணர்ந்தார். அதன்படி 10,000 ஆஸ்திரால் ஒரு டாலருக்குச் சமம். 1992இல் புதிய பெசோ வந்தபின் ஒரு பெசோ ஒரு டாலருக்குச் சமம். விலைவாசி அடங்கிற்று. மக்கள் மெத்தைக்கடியில் ஒளித்திருந்த டாலரை எடுத்து மறுபடியும் பாங்கில் போட்டனர். பத்தாண்டுகள் இந்த ஏற்பாடு நீடித்தது.

2001 டிசம்பர் முதல் வாரத்தில் அது சரிந்தது. கணக்கொன்றிலிருந்து வாரத்திற்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்கலாகாது என்று உத்தரவு பிறந்தது. இதனை அந்நாட்டார் 'கொரலீத்தோ' என்றனர். நாம் மொழிபெயர்ப்புத் தொழிலில் உழல்வோர் ஆதலால் இத்தகைய சொற்களைக் கண்டால் சற்று நின்று பார்ப்பது வழக்கம். அச்சொல் கால்நடையை அடைக்கும் சிறு பட்டியைக் குறிக்கும். தவழும் குழந்தையை விட்டுவைக்கும் கம்பிக் கூட்டையும் குறிக்கும். பணம் தன்னுடையதுதான், கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் வேலியைத் தாண்டி எடுக்க முடியாது. மக்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தனர். டிசம்பர் 19, 20 ஆகிய இரு நாட்களில் நிகழ்ந்த கலவரத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குடியரசுத் தலைவர் தெ லா ருவா பதவி துறந்து ஹெலிகாப்டரில் மாளிகையைவிட்டு நீங்கினார். 2002இன் தொடக்கத்தில் பெசோவுக்கும் டாலருக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. பாங்கிலிருந்த டாலர் கணக்குகள் டாலருக்கு 1.40 பெசோ வீதம் கட்டாயமாக மாற்றப்பட்டன. ஆறு மாதங்களுக்குள் சந்தையில் ஒரு டாலரின் விலை 4 பெசோவை நெருங்கிற்று. இரண்டு முறை பட்டவன் மூன்றாம் முறை பாங்கின் வாசலை மிதிப்பானா?

அரசாங்கத்தின் பணம் கைவிட்டபோது மக்கள் தாமே பணம் செய்துகொண்ட வரலாறும் அக்காலத்துக்கு உண்டு. புவெனஸ் அயர்ஸ் நகருக்கு அருகே பெர்னால் என்னும் ஊரில் 1995இல் ஒரு பண்டமாற்றுச் சங்கம் தோன்றிற்று. அங்கே 'கிரெதித்தோ' என்னும் சீட்டைக் கொடுத்து ரொட்டியும் வாங்கலாம், முடி வெட்டிக்கொள்ளலாம். 2002இல் பல லட்சம் குடும்பங்கள் இச்சங்கங்களை நம்பி வாழ்ந்தன. மாகாண அரசாங்கங்களும் சம்பளம் கொடுக்கப் பணமின்றித் தத்தம் பத்திரங்களை வெளியிட்டன. புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தின் 'பதக்கோன்' பத்திரத்திற்கென்றே ஓர் அமெரிக்க உணவகம் தனிச் சிற்றுண்டித் தட்டு ஒன்றை விற்றதாம்! பண்டமாற்றுச் சீட்டுகளோ கள்ள அச்சாலும் அளவிறந்த வெளியீட்டாலும் அதே ஆண்டில் மதிப்பிழந்தன. அரசாங்கத்தின் பணவீக்கத்திலிருந்து தப்ப வந்தோரை அவர்தம் சொந்தப் பணத்தின் வீக்கமே விழுங்கிற்று. சீட்டின் எண்ணிக்கையை எவரும் மீற முடியாதபடி கட்டுவது எங்ஙனம் என்பதே அந்தத் தோல்வி எழுப்பிய கேள்வி. சில ஆண்டுகள் கழித்து வேறொரு திசையிலிருந்து அதற்கு ஒரு விடை வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

2007இல் புள்ளியியல் நிறுவனத்தில் அரசாங்கம் தலையிட்டது. அது முதல் விலைவாசிக் கணக்கை மக்கள் நம்பவில்லை. 2013இல் பன்னாட்டு நிதியமே அக்கணக்கைக் கண்டித்தது. 2011 அக்டோபர் இறுதியில் கிறிஸ்தீனா கிர்ச்னரின் அரசாங்கம் டாலர் வாங்குவோர் வரித்துறையின் அனுமதி பெற வேண்டுமென ஆணையிட்டது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அந்நாட்டிற்குப் புதிதன்று. 1931 அக்டோபரிலேயே அதற்கு வித்திட்டாயிற்று. ஆயினும் இம்முறை மக்கள் அதற்குச் சூட்டிய பெயர் 'செப்போ'. குற்றவாளியின் காலை மரத்துளையில் மாட்டி வைக்கும் கருவிக்குப் பழந்தமிழில் தொழுமரம் என்று பெயர். குட்டை என்றும் வழங்கும். செப்போ என்பது அதுவே. 2015 டிசம்பரில் குடியரசுத் தலைவர் மக்ரி தொழுவைக் கழற்றினார்; 2019 செப்டம்பரில் அவரே மறுபடியும் மாட்டினார். முதலில் தலைக்கு மாதம் 10,000 டாலர் வரம்பு. அக்டோபரில் அது 200 டாலராயிற்று. டிசம்பரில் வந்த அடுத்த அரசாங்கம் அதன்மேல் 30 சதவீத வரியும் விதித்தது.

கதவை அடைத்தால் சன்னல் திறக்கும். தலைநகரின் ஃபுளோரிதா வீதியில் டாலர் மாற்றித் தரும் தரகர்கள் நின்றனர். பச்சைத் தாளைக் கையில் ஏந்தி ஒரே இடத்தில் நிற்பதால் அவர்களுக்குச் 'சிறு மரம்' என்று பெயர். அவர்கள் வாடிக்கையாளரை இட்டுச்செல்லும் மறைவிடத்திற்குக் 'குகை' என்று பெயர். அங்கே விற்கும் டாலர் 'நீல டாலர்'. 2022 ஜூலை இறுதியில் நீல டாலரின் விலை அரசாங்க விலையைப்போல் இரு மடங்கைத் தாண்டி நின்றது. அரசாங்கமும் தன் பங்கிற்குப் பல விலைகளை வகுத்தது. சோயா ஏற்றுமதியாளர்க்கு ஒரு விலை; 2022 உலகக் கோப்பையை ஒட்டி வெளிநாட்டில் செலவிடுவோர்க்குக் 'கத்தார் டாலர்'; அயல்நாட்டுப் பாடகரை வரவழைப்போர்க்கு ஒரு விலை, அதற்குக் 'கோல்ட்பிளே டாலர்' என்று ஓர் ஆங்கில இசைக்குழுவின் பெயர். ஒரு நாட்டில் ஒரு டாலருக்கு இத்தனை விலை இருக்குமானால் எந்த விலையில் கணக்கெழுதுவது என்று வணிகன் திகைப்பது இயல்பே.

இந்நிலையிலேதான் கிரிப்டோ நாணயம் வேர்கொண்டது. பிட்காயினின் வரைவு 2008 அக்டோபர் 31 அன்று சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியாயிற்று. 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கிற்று. ஒரே பேரேட்டின் படியை உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் வைத்திருந்து ஒன்றையொன்று சரிபார்க்கும் ஏற்பாடு அது. மொத்தத்தில் 2 கோடியே 10 லட்சம் காசுக்கு மேல் உண்டாக்க முடியாது என்பது அதன் விதி. பண்டமாற்றுச் சங்கத்தார் தேடிய வரம்பு இதுவே. பதின்மூன்று சுழிகளை இழந்த மக்களின் செவிக்கு இவ்விதி எத்துணை இனித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஆயினும் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் விலைக்கு உறுதி வந்துவிடாது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலர் விற்ற பிட்காயின் ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கிற்று. அடுத்த மாத வாடகைக்குச் சேர்ப்பவன் இதனைத் தாங்குவது அரிது. ஆதலால் அர்ஜெண்டைனா மக்களுட் பெரும்பாலோர் நாடியது நிலைமதிப்பு நாணயங்களையே. 2014இல் தோன்றிய 'டெதர்' அவற்றுள் முதன்மையானது. ஒரு காசுக்கு ஒரு டாலர் வீதம் இருப்பு வைப்பதாக அதனை வெளியிடும் கம்பெனி உறுதி கூறுகிறது. உண்மையை நேராகச் சொல்லின், இவர்கள் விரும்பியது புதிய நாணயம் அன்று, பழைய டாலரேதான். மெத்தைக்கடியிலிருந்து கைப்பேசிக்கு இடம் மாறிய டாலர் என்றும் அதனைச் சொல்லலாம். செயினாலிசிஸ் என்னும் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை அந்நாட்டிற்கு வந்த கிரிப்டோவின் மதிப்பு ஏறத்தாழ 9,100 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் நிலைமதிப்பு நாணயங்கள்.

இதன் நடைமுறை எளிது. அயல்நாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்யும் ஒருவர் ஊதியத்தைப் பாங்கு வழியாகப் பெற்றால் அது அரசாங்க விலையில் பெசோவாக மாறும். வீதியில் கிடைப்பதிற் பாதிகூடத் தேறாது. அதே ஊதியம் டெதராக வந்தால் அதனை வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது சிறிது சிறிதாகப் பெசோவுக்கு விற்கலாம். பெசோவில் சம்பளம் பெறுவோர் சம்பள நாளன்றே செலவு போக எஞ்சியதைக் கைப்பேசியில் டெதராக மாற்றிக்கொண்டனர். குகைக்குச் செல்ல வேண்டியதில்லை, கள்ளத்தாள் என்ற அச்சமில்லை, விடுமுறையும் இல்லை. இந்தக் கடைசி வசதியின் அருமை 2022 ஜூலை 2 அன்று விளங்கிற்று. அன்று சனிக்கிழமை, பொருளாதார அமைச்சர் குஸ்மான் திடீரெனப் பதவி விலகினார். பாங்குகள் மூடிக்கிடந்தன, பெசோவின் கதி என்னவென்று சொல்ல எந்தச் சந்தையும் திறந்திருக்கவில்லை. இரவும் பகலும் ஓயாத கிரிப்டோ சந்தையில் டெதரின் பெசோ விலை தாவி ஏறிற்று. திங்கட்கிழமை நேரவிருந்ததை நாடு அந்த விலையைப் பார்த்தே முன்கூட்டி அறிந்துகொண்டது.

அரசாங்கம் வாளா இருக்கவில்லை. 2022 மார்ச்சில் பன்னாட்டு நிதியத்துடன் செய்துகொண்ட கடன் உடன்பாட்டில் கிரிப்டோ நாணயப் பயன்பாட்டை ஊக்குவிப்பதில்லை என்று ஒரு வாசகம் இடம்பெற்றது. மே மாதத்தில் பாங்குகள் வாடிக்கையாளர்க்குக் கிரிப்டோ விற்கலாகாதென மத்திய பாங்கு தடை விதித்தது. ஓராண்டு கழித்துக் கைப்பேசிப் பணச் சேவையாளர்க்கும் அத்தடை நீண்டது. தனித்த செயலிகள் வழியே வணிகம் தொடர்ந்து நடந்தது.

இதைக் கொண்டு கிரிப்டோ நாணயம் ஏழைக்குக் கிடைத்த கேடயம் என்று நாம் மயங்கிவிடலாகாது. சம்பளம் முழுவதும் ரொட்டிக்கும் வாடகைக்கும் போய்விடும் குடும்பத்தில் டெதராக மாற்றுவதற்கு எஞ்சுவது ஏது? தப்பியவர் பெரும்பாலும் கல்வியும், கைப்பேசியும், சிறிது உபரியும் உடையோர். அவர்கள் பெசோவைக் கைவிடுந்தோறும் பெசோ மேலும் மெலிந்தது. அந்த மெலிவின் சுமை கைவிட இயலாதார் தலையில் விழுந்தது. சேமித்தவரை இதற்காகக் குறை கூறவும் நமக்கு மனம் வரவில்லை. 1990லும் 2001லும் அவர்களுக்கு இப்பாடத்தைக் கற்பித்தது அரசாங்கமேயன்றோ?

தப்பிய இடத்திலும் குழிகள் உண்டு. டாலருக்கு நிகராக நிற்குமெனச் சொல்லப்பட்ட 'டெர்ரா' என்னும் நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களில் உருக்குலைந்தது. டெதர் கம்பெனியும் தன் இருப்பைப் பற்றி உண்மைக்கு மாறாகக் கூறியதாக 2021இல் அமெரிக்க அதிகாரிகளிடம் அபராதம் கட்ட நேர்ந்தது. அக்கம்பெனி நினைத்தால் ஒரு முகவரியிலுள்ள காசை முடக்கவும் முடியும். அரசாங்கங்கள் தாமே இத்துறையில் இறங்கியதும் நல்ல பயன் தரவில்லை. வெனிசுவேலா அரசாங்கம் எண்ணெய் வளத்தை ஈடாகக் காட்டி 2018இல் 'பெட்ரோ' என்னும் காசை வெளியிட்டது; மக்கள் அதனை விரும்பி ஏற்கவில்லை; 2024 ஜனவரியில் அது முடிவுற்றது. அர்ஜெண்டைனாவிலேயே 2025 பிப்ரவரி 14 அன்று குடியரசுத் தலைவர் மிலேய் 'லிப்ரா' என்னும் புதுக் காசைப் பற்றிப் பலரறிய எழுதினார். சில மணி நேரத்தில் அதன் விலை ஏறி வீழ்ந்தது. அவர் எழுதியதை நீக்கினார். நம்பி வாங்கியோர் பணத்தை இழந்தனர்.

அந்நாட்டின் 1,000 பெசோ தாளில் ஹோர்னேரோ என்னும், மண்ணால் அடுப்பைப் போன்ற கூடு கட்டும் குருவியின் படம் இருந்தது. 2017 இறுதியில் அத்தாள் வெளிவந்தபோது அதற்கு ஐம்பது டாலருக்கு மேல் மதிப்பு. 2023 அக்டோபரில் வீதியில் அதனைக் கொடுத்தால் ஒரு டாலர்கூடக் கிட்டவில்லை. அவ்வாண்டின் விலையேற்றம் 211 சதவீதம். 2024இல் அது 118 சதவீதமாகக் குறைந்தது. 2025 ஏப்ரல் 14 அன்று பன்னாட்டு நிதியத்தின் 2,000 கோடி டாலர் கடன் உடன்பாட்டின் துணையோடு தனிமனிதர்க்குரிய தொழு கழற்றப்பட்டது. நிறுவனங்களுக்கான கட்டுகள் சில எஞ்சின. செப்டம்பர் இறுதியில் டாலருக்கு மறுபடியும் நெருக்கடி வந்தது. அரசாங்க விலையில் டாலர் வாங்கியவர் பங்குச் சந்தை வழியே அதனை விற்க 90 நாள் காத்திருக்க வேண்டுமென மத்திய பாங்கு ஆணையிட்டது. இரு விலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஆதாயம் காணும் சுற்று வழிக்கு மக்கள் முன்னரே 'ரூலோ', அதாவது முடிச்சுருள், என்று பெயரிட்டிருந்தனர். பங்குச் சந்தையில் அடைபட்ட அச்சுருள் சில நாட்களுக்குள் நிலைமதிப்பு நாணயங்களின் வழியே மறுபடியும் சுழலத் தொடங்கிற்று.