மைட்டர் ரம்பமும் மரத்தூளும்: ஒரு சிறு வரலாறு

ஓய்வு பெற்றவர்களில் சிலர் தோட்டம் போடுகிறார்கள், சிலர் கோயில் கோயிலாகப் போகிறார்கள். என்னைப் போன்ற சிலர் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, ஒரு மேசையும் நாலைந்து மின்கருவிகளும் வாங்கிப் போட்டு, அதற்குப் ‘பட்டறை’ என்று பெயரும் வைத்துவிடுகிறோம். இந்தப் பட்டறைகளுக்குள் இப்போது அதிகம் வந்து சேரும் கருவி மைட்டர் ரம்பம். வட்டமான பல்சக்கரம், மேலிருந்து கீழே இறங்கும் கைப்பிடி, கோணத்துக்குத் திருப்பிக்கொள்ளும் தட்டு. ஒரு நிமிடத்தில் படச்சட்டத்துக்கு நாலு துண்டும் வெட்டிவிடலாம். அதே ஒரு நிமிடத்தில் அறை முழுவதும் புழுதியையும் பரப்பிவிடலாம். இந்த ரம்பம் எங்கிருந்து வந்தது, அந்தப் புழுதியைப் பற்றி மனிதர்களுக்கு எப்போது புத்தி வந்தது என்பதைத் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ரம்பம். நீளவாக்கில் மரம் அறுப்பது ஒரு காலத்தில் இரண்டு ஆள் வேலை. குழி வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் இழுப்பார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான், நம் ஊரிலும் அப்படித்தான். குழிக்குள் நிற்பவர் முகத்தில்தான் தூள் கொட்டும். யாருக்குக் கூலி குறைவோ அவருக்குத் தூள் அதிகம் என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

வட்ட ரம்பத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பலரும் அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த தபிதா பாபிட் என்ற பெண்மணியைச் சொல்வார்கள். இராட்டையில் நூல் நூற்கும்போது 1813-ல் அவருக்கு யோசனை தோன்றியதாகக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777-லேயே பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் வருகிறது. அவரும் அதைப் புதுமை என்று கொண்டாடாமல் தெரிந்த பொருளைப் போலப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். ஆகவே அதற்கும் முன்பே யாரோ ஒரு தொழிலாளி அதைச் சுழற்றியிருக்க வேண்டும்.

குறுக்கே வெட்டுவதும் கோணத்தில் வெட்டுவதும் வெகுகாலம் கைவேலையாகவே இருந்தன. மூன்று பலகையால் ஆன ஒரு தொட்டி, அதன் பக்கங்களில் 45 டிகிரிக்குக் கீறிய பள்ளம், அதற்குள் கைரம்பம். அவ்வளவுதான். அமெரிக்காவில் 1922-ல் ரேமண்ட் டிவால்ட் என்பவர் ரம்பத்தையும் மோட்டாரையும் சேர்த்து ஒரு கையில் தொங்கவிட்டு, மேசைக்கு மேலே முன்னும் பின்னும் இழுக்கும்படி ஒரு இயந்திரம் செய்தார். பெரிய பட்டறைகளுக்கு அது வரப்பிரசாதம். வீடு கட்டும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தக் குறை தீர்ந்தது 1964-ல். ராக்வெல் நிறுவனத்தின் பொறியாளர் எட் நீஹாஸ், பழைய மைட்டர் தொட்டியின் இடத்தில் மோட்டார் பொருத்திய வட்ட ரம்பத்தை வைத்தார். அதன் வம்சம்தான் இன்று நம் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவும் கருவியின் கதை. தூளின் கதை வேறு பாதையில் போகிறது.

1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கல் உடைப்பவர், மாவு சலிப்பவர் என்று ஒவ்வொரு தொழிலாகப் பார்த்து, தூசு நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்று எழுதியவர். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்பதையும் கேட்க வேண்டும் என்றார். சாதாரணக் கேள்வி. ஆனால் இந்த ஒரு கேள்விக்காக மரவேலைக்காரர்கள் அதன்பின் இரண்டரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் தூளை உறிஞ்சும் இயந்திரங்கள் வராமல் இல்லை. 1860-களில் பாஸ்டன் நகரத்தின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஸ்டர்டெவன்ட், காலணித் தொழிலில் எழுந்த தூசைப் போக்க உறிஞ்சு விசிறி செய்து, பிறகு விசிறித் தொழிலிலேயே பெரும் பெயர் பெற்றார். 1878 மே 2 அன்று மினியாபோலிஸ் நகரில் ஒரு மாபெரும் மாவு ஆலை வெடித்து 18 பேர் மாண்டார்கள். வெடித்தது வெடிமருந்தல்ல, காற்றில் மிதந்த கோதுமை மாவு. காற்றிலிருந்து தூசைப் பிரிப்பது ஆலைகளுக்கு உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. 1885-ல் ஜான் ஃபின்ச் என்ற அமெரிக்கர் ‘சைக்ளோன்’ என்று இன்று நாம் சொல்லும் சுழல் பிரிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார்.

அதன் தத்துவம் எளிது. கூம்பு வடிவத் தகரப் பாத்திரம். தூசு கலந்த காற்று பக்கவாட்டில் வேகமாக நுழைந்து சுழலும். கனமான துகள்கள் சுவரை நோக்கி ஒதுங்கி, சறுக்கிக் கீழே உள்ள டப்பாவில் விழும். காற்று நடுவழியே மேலேறிப் போய்விடும். வடிகட்டித் துணி இல்லை, அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. மர ஆலைகளின் கூரை மேல் இந்தக் கூம்புகள் நின்றன. 1970-களின் கடைசியில் அப்படி ஒரு மர ஆலைக் கூம்பைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசனுக்குப் பை இல்லாத வீட்டுத் தூசு உறிஞ்சியின் யோசனை பிறந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். விசிறியும் கூம்பும் வந்ததற்குப் பெரும்பாலும் காரணம் தீ பயம், தரையை அடைக்கும் சீவல், கொதிகலனுக்கு விறகு. தொழிலாளியின் மூச்சு அந்தக் கணக்கில் முதலிடத்தில் இல்லை.

அது மாறியது இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற ஊரில். லண்டனுக்கு வடமேற்கே, சில்டர்ன் குன்றுகளின் பீச் மரக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊர். நாற்காலிக்குப் பேர்போனது. பழைய நாளில் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, வெட்டின ஈரமரத்தைக் கால்மிதி கடைசலில் நாற்காலிக் கால்களாகக் கடைந்தார்கள். ஈரமரம் சுருள் சுருளாக வரும், புழுதி பறக்காது. தலைக்கு மேல் திறந்த வானம். பிறகு வேலை தொழிற்சாலைக்குள் போயிற்று. உலர்ந்த மரம், வேகமான ரம்பம், தேய்க்கும் இயந்திரம், நாலு சுவர்.

அவ்வூர் மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டை மருத்துவராக இருந்தவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட். மூக்கின் உள்ளேயும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வரும் ஒருவகைப் புற்றுநோய் மிக மிக அரிது. ஒரு மருத்துவர் தம் ஆயுளில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம். இவரிடம் அப்படிப்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். என்ன வேலை என்று பார்த்தால் மேசை, நாற்காலி செய்பவர்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ரொனால்ட் மக்பெத், நோய்ப்பரவல் கணக்கில் தேர்ந்த டொனால்ட் ஆச்சிசன் ஆகியோர் அவரோடு சேர்ந்தார்கள். 1960-களின் பிற்பாதியில் அவர்களின் ஆய்வு மருத்துவ இதழ்களில் வெளிவந்தது. மற்ற ஆண்களைவிட அந்தத் தொழிலாளர்களுக்கு இந்த அரிய நோயின் வாய்ப்பு பல நூறு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. காரணம் என்று கை நீண்டது மரத்தூளை நோக்கி.

இதில் என்னை உலுக்கிய விஷயம் கால இடைவெளி. தூள் மூக்கில் ஏறத் தொடங்கியதற்கும் நோய் தலைகாட்டியதற்கும் நடுவே பல பத்தாண்டுகள். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வு பெறும் வயதில்தான் மருத்துவரிடம் வருகிறார். அதற்குள் முதலாளி மாறியிருப்பார், ஆலை மூடியிருக்கும். அந்த மருத்துவர் தொழிலைக் கேட்டிராவிட்டால், விதி என்று எழுதி மூடியிருப்பார்கள்.

1969-ல் பிரிட்டிஷ் அரசு இதை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. 1995-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கும் பிரிவு அது. பிரிட்டனில் இன்று கடினமரத் தூளுக்கு வேலையிட உச்சவரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 3 மில்லிகிராம். தீ பயமும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2015 ஜூலை 17 அன்று இங்கிலாந்தின் போஸ்லி கிராமத்தில் மரமாவு ஆலை வெடித்து 4 பேர் இறந்தார்கள்.

இனி நம் பட்டறைக்கு வருவோம். இந்த வரலாறு தெரிந்த பிறகு மைட்டர் ரம்பத்தை எப்படி வைப்பது?

தூளைப் பிடிப்பதற்கு மிகக் கடினமான கருவிகளில் இது ஒன்று. பல்சக்கரத்தின் அடிப்பகுதி நமக்கு எதிர்த்திசையில் ஓடுவதால் தூள் பின்பக்கம் விசிறியடிக்கும். தட்டைத் திருப்பினால் விசிறும் திசையும் திரும்பும். ரம்பத்தோடு வரும் சிறு குழாயும் பையும் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். ஆகவே இரண்டு ஏற்பாடு வேண்டும். ரம்பத்தின் குழாயில் ஒரு தூசு உறிஞ்சி. ரம்பத்துக்குப் பின்னால், தட்டு இருபுறமும் திரும்பும் அகலத்துக்கு, மூன்று பக்கம் அடைத்த ஒரு கூண்டு. அந்தக் கூண்டின் அடியில் பெரிய குழாய். சிறிய உறிஞ்சியில் இழுவிசை அதிகம், காற்றின் அளவு குறைவு. கூண்டுக்கு வேண்டியது நிறையக் காற்று. 4 அங்குலக் குழாயை 6 அங்குலமாக்கினால் காற்று போகும் வழி இரண்டேகால் மடங்கு ஆகும். குழாய் குட்டையாகவும் வளைவு குறைவாகவும் இருக்கட்டும். உறிஞ்சிக்கு முன்னால் ஒரு சைக்ளோன் வைத்தால் சீவலும் பருந்தூளும் டப்பாவில் விழுந்துவிடும்.

ஆனால் நுண்தூள் சைக்ளோனில் முழுவதும் நிற்காது. நுரையீரலின் ஆழம் வரை போவது அதுதான். மலிவான துணிப்பை அதை வடிகட்டாமல் அறைக்கே திருப்பி அனுப்பும். நல்ல வடிகட்டி போட வேண்டும், இல்லாவிட்டால் காற்றை வெளியே விட்டுவிட வேண்டும். தரை சுத்தமாகத் தெரிவதை நம்பாதீர்கள். சன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் பாருங்கள், மிதப்பது தெரியும். வெட்டி முடித்த கையோடு முகமூடியைக் கழற்றவும் கூடாது.

கோணத்தைச் சரிபார்க்க ஒரு வழி. பலகையை நிறுத்திவைத்து 90 டிகிரியில் வெட்டி, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டிச் சமதளத்தில் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அது உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. படச்சட்டத்தில் எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். ரம்பத்தின் தட்டும் இருபுற மேசையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன வரம்புகள், சட்டங்கள் எல்லாம் தொழிற்சாலைக்கு. என் மாடிப் பட்டறையைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். வீட்டு அலமாரி செய்ய வரும் தச்சர்களுக்கும் அதே கதிதான். பூட்டிய அறைக்குள் பிளைவுட்டையும் எம்.டி.எஃப் பலகையையும் நாள் முழுக்க அறுக்கிறார்கள். மூக்கில் ஒரு துண்டு கட்டியிருப்பார்கள். அந்தத் துண்டு நுண்தூளைத் தடுக்காது. பலகையில் பசையும் சேர்ந்திருப்பதால் தூளோடு அதுவும் போகும். தூசு சாமானில் படும் என்று நாம்தான் கதவைச் சாத்தி வைக்கிறோம்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் மரவேலை நடந்தால், அறுக்கும் வேலையை மாடியிலோ வாசலிலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நீட்டு மின்கம்பியும் ஒரு பெட்டி என்95 முகமூடியும் வாங்கிக் கொடுங்கள். இருமலோடு ஒரு தச்சர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், மருத்துவரிடம் போகும்போது தன் தொழிலையும், எத்தனை வருடமாகச் செய்கிறார் என்பதையும் அவர் கேட்காமலே சொல்லச் சொல்லுங்கள்.