துப்பாக்கிக் குழலில் ஒட்டிய செம்பு

1965-இல் சேலத்தில் பி.யூ.சி. படித்தேன். சீனப் போருக்குப் பிறகு, 1963 முதல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துப் பையனான எனக்கு, கொல்லிமலைப் பக்கம் பார்த்த நாட்டுத் துப்பாக்கியைத் தவிர வேறு தெரியாது. முகாமில் கையில் .303 ரைபிளைக் கொடுத்துவிட்டார்கள்.

ஐந்து முறை சுட்டேன். ஒன்றுகூட இலக்கில் படவில்லை. பையன்கள் சிரித்தார்கள். ஹவில்தார் மட்டும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் கட்டைவிரல் நகத்தை வைத்து, அதில் பட்ட வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தார். "தம்பி, நீயும் பாரு" என்றார். எண்ணெய் போட்டுப் பளபளத்த குழலுக்குள் செம்பு நிறத்தில் கோடு கோடாக ஒட்டியிருந்தது.

நாட்டுத் துப்பாக்கியில் வெறும் ஈயக் குண்டு. கரிமருந்தின் வேகத்துக்கு அது போதும். 1880-களில் புகையில்லா மருந்து வந்ததும் வேகம் எகிறியது. .303 மார்க் 7 தோட்டாவின் குண்டு நொடிக்குச் சுமார் 2,440 அடி பாயும். அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும். 1882-லேயே சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்பு உறை போட்ட குண்டை உருவாக்கியிருந்தார். உலகம் முழுவதும் அந்த வழிக்கு வந்தது. ஈயத் தொல்லை போய்ச் செம்புத் தொல்லை வந்தது. ஒவ்வொரு குண்டும் தன் உறையில் துளியைக் குழலில் விட்டுப் போகும். அதன்மேல் கரி, அதன்மேல் மறுபடி செம்பு. நாளடைவில் குறி தவறும்.

கொதிநீர் ஊற்றினால் உப்பு போகும். எண்ணெய் துருவைத் தடுக்கும். இரண்டுக்கும் செம்பு அசையாது. அதற்கு அம்மோனியா வேண்டும். ஹவில்தார் துணியை அதில் நனைத்து, புல்த்ரூ கயிற்றில் மாட்டி இழுக்கச் சொன்னார். வெள்ளைத் துணி நீலமாக வந்தது! ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் அம்மோனியா விட்டால் வருமே, அதே நீலம். நீலம் நிற்கும்வரை இழுத்தேன். பிறகு நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டோம். அம்மோனியாவை உள்ளேயே விட்டால் இரும்புக்குக் கேடு.

பிரெஞ்சுப் பீரங்கிப் படையினர் வேறொரு வழி கண்டார்கள் என்று பின்னாளில் படித்தேன். மருந்தோடு வெள்ளீயத் தகடு வைத்துச் சுட்டால், அது செம்போடு கலந்து, நொறுங்கி வெளியேறிவிடுமாம். எங்கள் அம்மாயி செம்புப் பாத்திரத்துக்குக் களிம்பு ஏறாமல் பூச வைத்ததும் அதே வெள்ளீயம்தான்.

மறுநாள் ஐந்தில் மூன்று இலக்கில் பட்டது. மீதி இரண்டுக்குச் செம்பின்மேல் பழி போட முடியவில்லை.