பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்த இன்ஸ்பெக்டர்



இன்று அக்டோபர் 21. காவலர் வீரவணக்க நாள். 1959-இல் இதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீசார் 10 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் இந்த நாளைக் கடைப்பிடிக்கிறோம். வகுப்பில் பல வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன். இன்று நம் பக்கத்து ஊர் சம்பந்தப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மாத்தூரில் இருந்து மாதவரம், ரெட்டேரி தாண்டினால் கொளத்தூர். 2017 நவம்பர் 16 அன்று பட்டப்பகலில் அங்கே ஒரு நகைக்கடையில் கொள்ளை நடந்தது. கடைக்கு மேல் மாடியை வாடகைக்குப் பிடித்து, தளத்தில் துளை போட்டு உள்ளே இறங்கியிருக்கிறார்கள். போனது சுமார் மூன்றரைக் கிலோ தங்கம். வெளிமாநிலக் கொள்ளையரைத் தேடி வடக்கே போகும் தமிழ்நாட்டுப் போலீசின் கதையான 'தீரன் அதிகாரம் ஒன்று' படம் மறுநாள்தான் திரைக்கு வந்தது. அப்போது ஊரெல்லாம் இதே பேச்சு.

தேடப்பட்டவர்கள் ராஜஸ்தான்காரர்கள். அவர்களைப் பிடிக்கப் போன தனிப்படையில் ஒருவர் மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன். டிசம்பர் 13 அதிகாலை, பாலி மாவட்டம் ஜெய்த்தாரன் பக்கம் ஒரு பழைய சூளைக்குள் நுழைந்தார்கள். தெரியாத ஊர், புரியாத மொழி, இருட்டு, கைகலப்பு. அங்கே குண்டடி பட்டு இறந்தார். வயது 48.

கொள்ளையர் சுட்டதாகத்தான் முதலில் செய்தி வந்தது. உடல் விமானத்தில் சென்னைக்கு வந்தது. முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் அஞ்சலி செலுத்தினார்கள். சொந்த ஊரில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். பிறகு ராஜஸ்தான் போலீசார் விசாரித்து, கூட வந்த இன்னொரு இன்ஸ்பெக்டரின் துப்பாக்கிக் குண்டுதான் தவறுதலாகப் பாய்ந்தது என்றார்கள். தேடப்பட்ட நாதுராம் அடுத்த மாதமே குஜராத்தில் பிடிபட்டார்.

அந்தச் சமயத்தில் என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவனும் போலீஸ்தான். "சார், டீக்கடையில் 'அப்படின்னா அது வீரமரணமே இல்லையே'ன்னு பேசுறாங்க. கேக்கவே கஷ்டமா இருக்கு" என்றான். எனக்கும் உடனே பதில் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்தச் சூளைக்குள் காலை வைத்தபோது யார் குண்டு யார் மேல் பாயும் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே ஆபத்து இருக்கிறது என்பது மட்டும் தெரியும். தெரிந்துதான் போனார். பின்னால் வந்த விசாரணை அறிக்கை அதை மாற்றிவிடாது. அதற்காக அறிக்கையை மறைத்துப் பேசவும் கூடாது. நெருக்கடியில் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி, போகிற இடத்தின் உள்ளூர் போலீசோடு சேர்ந்து வேலை செய்வது, இதெல்லாம் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த உண்மையில் இருந்துதான் அடுத்த தனிப்படை கற்றுக்கொள்ள முடியும். அவனிடம் இதைத்தான் சொன்னேன்.

அவர் இறந்த பிறகே எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அவர் ஊர் சங்கரன்கோவில் பக்கம் சாலைப்புதூர். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்க அரசுப் பள்ளி கட்டுவதற்குத் தன் சொந்த நிலத்தைக் கொடுத்தவர் அவர். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் இருந்தவன் நான். இடம் இல்லாமல் மரத்தடியில் வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு துண்டு நிலம் பள்ளிக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். போலீஸ் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் அதைக் கொடுத்தார் என்றால் சும்மா இல்லை.

கொளத்தூர் வழியாகப் போகும்போதெல்லாம் அவர் நினைவு வரும். ஆசிரிய நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள். ராஜஸ்தானைச் சொல்லும்போது அந்தப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.